வலது வளையம்

எட்டா பத்தா என்று மூன்று நாளாக மனசுக்குள் பட்டிமன்றம் நடத்தி, எட்டுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் நம்பிராஜன் அசனார் பாய் கடைப்படி ஏறினான். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டினால் குளத்துப் பறவைக்குப் போதும். பத்துக்கு ஆசைப்பட்டால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், கரையில் சும்மா நிற்கிற கொக்கு தந்தியடிக்கும். முதல் எண் பெருக்கம், இரண்டாவது எண் முன்கண்ணாடியின் அகலம், எட்டு நாற்பத்திரண்டு என்றால் காலை வெளிச்சத்துக்கும் ஆகும், கழுத்தும் ஒடியாது, இதையெல்லாம் பாபநாசத்தில் வண்டி திரும்பக் காத்திருக்கும் நாற்பது நிமிஷங்களில் ஃபோனில் பார்த்துப் பார்த்து அவனுக்கு மனப்பாடம். ஆளைப் பார்த்தால் காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு, ஐம்பத்தொரு வயது, தனியார் பஸ் டிரைவர். இவன் பறவை பார்க்கிறவன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், வீட்டுக்காரி பகவதியே முதல் ஆறு மாசம் நம்பவில்லை, குளத்தங்கரையில் யாரைப் பார்க்கப் போறீக என்று கேட்டவள்தான். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே கடை. வாசலில் நின்றால் தெருவுக்கு அந்தப் பக்கம் அவனுடைய வண்டி தெரியும், நீலத்தில் வெள்ளைக் கோடு, நெற்றியில் பாபநாசம் என்ற போர்டு. மணி பதினொன்று இருபது. பன்னிரண்டு பத்துக்கு வண்டி எடுக்க வேண்டும். பதினோரு வருஷமாக அந்தப் பன்னிரண்டு பத்து ஒருநாளும் பன்னிரண்டு பதினொன்று ஆனதில்லை.

"வாங்க அண்ணாச்சி, ஃபோன்ல கேட்டியளே, அது நீங்கதானா? உக்காருங்க" என்றார் அசனார் பாய். மூக்குக்கண்ணாடி விற்கிற கடைதான். ஒரு அலமாரியில் மட்டும் சர்வேக்காரர்களுக்கான சாமான்களும் பைனாகுலர்களும் இருந்தன. நாலைந்தை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வரிசையாக வைத்தார். பத்து ஐம்பது ஒன்று, தூக்கினால் அம்மிக்குழவி. ஏழு முப்பத்தைந்து ஒன்று, பழைய மாடல், தோள் புடைத்தது. ரூபி நிறத்தில் கண்ணாடி மின்னுகிற ஒன்று, அதை நம்பிராஜன் தொடவேயில்லை, ஏனென்றால் அவனிடம் ஏற்கெனவே இருப்பது அந்தச் சாதிதான், ஆனித் திருவிழாப் பொருட்காட்சியில் வாங்கியது, பார்க்க மாணிக்கம், உள்ளே மண்ணாங்கட்டி. "அது வலது குழாய் சரியில்லை பாய். ஆறு மாசமா ஒரே புகை. உள்ள தண்ணி போயிருக்கும்னு நெனைக்கேன்." பாய் தலையாட்டினார். "பொருட்காட்சி சாமான் அப்படித்தான். ஒங்க பட்ஜெட்டுக்கு இந்த எட்டு நாப்பத்திரெண்டு பாருங்க. தண்ணி போகாது. இல்ல, இன்னும் மலிவா வேணும்னா ஒத்தக்குழல் ஒண்ணு இருக்கு, சட்டைப்பையில போட்டுக்கலாம்." விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குழல். நம்பிராஜன் சிரித்தான். "ரெண்டு கண்ணைக் குடுத்திருக்கான், ஒண்ணை எதுக்கு பாய் பட்டினி போடணும்?" பாயும் சிரித்து அதை ஒதுக்கி வைத்தார்.

எட்டு நாற்பத்திரண்டைக் கையில் எடுத்தபோது நம்பிராஜனுக்கு உள்ளங்கை குளிர்ந்தது. ரப்பர் பிடிமானம், நடுவில் சக்கரம், ஸ்டியரிங் மாதிரி ஒரு விரலுக்கு அடங்குகிற சக்கரம். இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீரவநல்லூருக்கு முன்னால் இருக்கிற அந்தக் குளத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கேதான் பின் டயர் வெடித்து வண்டி ஒன்றரை மணி நேரம் நின்றது. பயணிகள் எல்லாரும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது தாமரை இலைமேல் ஒரு பறவை நடந்தது. தண்ணீர்மேல் நடக்கிறது என்றே முதலில் நினைத்தான். நீண்ட வால், கழுத்தில் பொன் பூசினாற்போல ஒரு பட்டை, இலை அமுங்குவதற்குள் அடுத்த இலைக்குக் கால் மாற்றுகிறது, ஒரு அவசரமும் இல்லை. நீளவால் இலைக்கோழி என்று பிறகு புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டான். ஐம்பது பேரைச் சுமந்துகொண்டு பறக்கிறவனுக்கு அந்த நடை என்னவோ செய்துவிட்டது, அவ்வளவுதான், அன்று பிடித்த பைத்தியம். டிரிப் ஷீட்டின் முதுகில் எழுத ஆரம்பித்த பட்டியல் இப்போது ஒரு நோட்டில் அறுபத்து மூன்றில் நிற்கிறது. போன மாசம் அந்தக் குளத்தில் இலைக்கோழி ஒன்று என்று எழுதியிருந்தான். கூட வந்த கண்டக்டர் எட்வின் வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு, "எங்க அண்ணாச்சி ஒண்ணு? வலது பக்கம் இன்னொண்ணு நிக்குல்லா, குஞ்சோட" என்றான். அன்றைக்கே அந்த ரூபிச் சனியனைக் குளத்தில் வீசியிருக்க வேண்டும்.

"மொதல்ல ஒங்க கண்ணுக்குச் சரி பண்ணிக்கிடுங்க" என்றார் பாய். "வலது கண்ணை மூடிட்டு, இடது கண்ணால மட்டும் பாத்து, நடுச் சக்கரத்தைத் திருகுங்க. தெளிஞ்சதும் அதை விட்டுருங்க. பொறவு இடது கண்ணை மூடிட்டு, வலது குழாய்ல இந்தா இந்த வளையம் இருக்கு பாருங்க, இதைத் திருகணும். எல்லாருக்கும் ரெண்டு கண்ணும் ஒண்ணு போல இருக்காது." வாசலுக்கு வந்து நம்பிராஜன் தன் வண்டி போர்டைக் குறிவைத்தான். வலக்கண்ணை மூடினான். சக்கரம் அரைச்சுற்றுச் சுற்றியதுமே பாபநாசம் வந்து மூக்கில் இடித்தது. அப்பாடா, என்ன துலக்கம். 'ச'வின் வளைவில் பெயிண்ட் உரிந்திருப்பது, போர்டின் ஆணியில் மாட்டியிருந்த எலுமிச்சம்பழம் வாடிச் சுருங்கியிருப்பது, வைப்பரின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு மைனாவின் கண்ணைச் சுற்றிய மஞ்சள். இதுதான் பொருள், இதுதான் என்று அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது. பிறகு இடக்கண்ணை மூடினான். வலக்கண்ணைத் திறந்தான். புகை.

வளையத்தைத் திருகினான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. நீலமாக ஒன்று நிற்பது தெரிந்தது, அதன் தலையில் வெள்ளையாக ஒரு தடம். பாபநாசம், ஆமாம், பாபநாசம்தானே, தெரிகிறதே என்று மனசு சொன்னது, தெரிகிறது என்று அவனும் ஒரு நொடி நம்பினான், எழுத்துகள் மெல்ல எழும்பி வந்தமாதிரிகூட இருந்தது. "எப்படி இருக்கு அண்ணாச்சி?" "நல்லாருக்கு பாய். வலது குழாய்தான் லேசா..." "அழுக்கா இருக்கும், குடுங்க." பாய் துணியால் துடைத்துக் கொடுத்தார். மறுபடியும் புகை. இதுவும் கோளாறான சரக்குத்தான் போல, மலிவு விலையில் கொடுக்கிறவன் எங்கே பார்த்துச் செய்கிறான், வலது குழாய் என்றால் எல்லாருக்கும் இளக்காரம். ஏழு முப்பத்தைந்தை எடுத்தான். இடது தெளிவு, வலது புகை. பத்து ஐம்பதை எடுத்தான், கனத்தில் கை நடுங்கியது, இடதில் பாபநாசம் தந்தியடித்தது, வலதில் தந்தியடிக்கக்கூட ஒன்றும் இல்லை, வெறும் பால். பாயின் கடையில் அத்தனைக்கும் வலது குழாய் கெட்டிருந்தது. அத்தனைக்கும். நம்பிராஜன் பத்து ஐம்பதை மெதுவாக, சத்தம் வராமல், மேஜையில் வைத்தான்.

யாரோ ஒரு அம்மாள் மூக்குக்கண்ணாடிக்குக் கால் மாற்ற வந்தாள். பாய் அந்தப் பக்கம் திரும்பினார். அந்த நேரத்துக்குள் செய்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது, ஏதோ திருடப் போகிறவன்போல நெஞ்சு அடித்துக்கொண்டது. எட்டு நாற்பத்திரண்டை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தான். சக்கரம் கீழே போனது, வலது குழாய் இடக்கண்ணுக்கு வந்தது, இடது குழாய் வலக்கண்ணுக்குப் போனது. டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுபோல, அவ்வளவுதான். மாற்றிப் போட்டும் வண்டி ஒரே பக்கம் இழுத்தால் கோளாறு டயரில் இல்லை என்று கிளீனருக்குக்கூடத் தெரியும். வலக்கண்ணை மூடினான். கெட்டுப்போன குழாய் வழியாக இடக்கண் பார்த்தது, சக்கரத்தை ஒரு நூல் திருகியதும் எலுமிச்சம்பழம், உரிந்த பெயிண்ட், மைனா போய்விட்டிருந்தது, வைப்பர் மட்டும், எல்லாம் அட்சரசுத்தம். இப்போது இடக்கண்ணை மூட வேண்டும். மூடவில்லை. மூடினால்தானே. இதோ இப்படியே வைத்துவிட்டு, பாய் அடுத்த வாரம் வாரேன் என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியை எடுக்கலாம், ஒன்றும் குடிமுழுகாது. மூடினான். நல்ல குழாய்க்குள்ளிருந்து புகை அவனைப் பார்த்தது.

தூசி விழுந்திருக்கும். காலையில் சேரன்மகாதேவி தாண்டி ஒரே செம்மண் புழுதி. இல்லையென்றால் பித்தம். பகவதி சொன்னாளே, ரெண்டு வாரமாகவே சொல்கிறாளே, செம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினால் அது டம்ளருக்குப் பக்கத்தில் தரையில் விழுகிறது, கைக்கு என்ன ஆச்சு என்று. கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னான், அது உண்மைதான், கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி டிரிப்பை மாற்றிக்கொண்டது எதற்காக? எதிரே வருகிற லாரியின் விளக்கு முள்ளுமுள்ளாக விரிந்து கண்ணைக் குத்துகிறது என்பதற்காக. ஆனால் கம்பெனி பஸ் செட்டில் என்ன சொன்னான், வீட்டுக்காரிக்குத் தனியாக இருக்கப் பயம் என்றான், பல்லியைக் கையால் பிடித்து வெளியே போடுகிற பகவதிக்கு. எல்லாம் தெரியும்போலத்தான் இருந்திருக்கிறது, அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று அவனே ஒளித்து வைத்திருக்கிறான். ஆறு மாசத்தில் ஒருநாளாவது இடக்கண்ணை மட்டும் மூடிப் பார்த்தானா? முகம் கழுவும்போதுகூட இரண்டையும் சேர்த்துத்தான் மூடியிருக்கிறான்.

தை மாசம் கண் சோதனை நடந்ததே. நடந்தது. முதலாளி வருஷாவருஷம் செட்டுக்கே ஆளை வரவழைத்துவிடுவார், சுவரில் அட்டையைத் தொங்கவிடுவார்கள், மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போக எறும்பு. டிரைவர்கள் வரிசையில் நிற்பார்கள். முதலில் போனவன் வெளியே வரும்போது அடுத்தவன் காதில் கடைசி வரியைப் போட்டுவிட்டுப் போவான், அது ஒரு வழக்கம், யாருக்கும் அதில் கள்ளம் என்ற எண்ணமே கிடையாது, பஸ்ஸில் சில்லறை மாற்றிக் கொடுப்பதுபோல ஒரு உதவி. ர ப ட ம க ய. நம்பிராஜன் எப்போதும் கடைசியில் நிற்பான், அவன் முறை வருவதற்குள் பதினேழு வாய் சொல்லி அந்த வரி அவனுக்குக் கந்தசஷ்டிக் கவசம் மாதிரி ஓடும். இடக்கண்ணைப் பொத்து என்றார்கள். பொத்தினான். ர ப ட ம க ய என்றான், ஒரு மூச்சில், அட்டையைப் பார்த்தானா என்பதே இப்போது நினைவில்லை. கண் பார்க்கவேண்டியதை வாய் பார்த்துக்கொண்டது. சபாஷ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அப்படியென்றால் சாலையும் அப்படித்தானா? பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாபநாசம், எந்த வளைவில் எந்தப் புளியமரம், எந்தப் பள்ளத்துக்கு எந்தக் கியர், எல்லாம் மனப்பாடம். பதினோரு வருஷப் பாடம். நேற்றும் அதைத்தான் ஒப்பித்தானா, சாலையைப் பார்க்கவே இல்லையா?

வேண்டாம், அதை நினைக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நேரம் மற்றதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தான், ஆனால் வியாழக்கிழமை தானாக வந்து நின்றது. கல்லிடைக்குறிச்சிக்கு இந்தப் பக்கம், வாழைத்தார் ஏற்றின டிராக்டர் ஒன்று முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது. வலது பக்கம் ஒடித்துப் பார்த்தான், சாலை வெறிச்சென்று கிடந்தது, கிடந்ததாகத் தெரிந்தது, ஏறினான். பின்னாலிருந்து எட்வின் விசிலை உயிர் போகிறமாதிரி ஊதினான். பச்சை மொபெட். ஓட்டுகிறவன், பின்னால் அவன் பெண்டாட்டி, நடுவில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பிள்ளை. மொபெட் சாலையை விட்டு இறங்கி, சரளையில் சறுக்கி, வாய்க்கால் சேற்றில் சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளையின் ஒரு செருப்பு மட்டும் சாலையில் கிடந்தது. நம்பிராஜன் வண்டியை நிறுத்தவில்லை, வேகத்தைக் குறைத்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அந்த மனுஷனைப் பார்த்துக் கத்தினான்: "கண்ணு தெரியலையாலே ஒனக்கு?" பஸ்ஸில் இருந்தவர்கள்கூட அவனுக்காகப் பேசினார்கள், எல்லாம் குடிச்சிட்டு வருதானுவ என்று. அந்த ஆள் சேற்றிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்தான். கடைக்குள் நம்பிராஜன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

மணி பதினொன்று ஐம்பத்தைந்து. வண்டியில் ஆள் ஏற ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு ஒருநாள் ஓட்டிவிடலாம். இந்த ஒரு நடை, போய்வந்துவிட்டு, நாளைக்கு லீவு போட்டுக் கண் டாக்டரைப் பார்த்துவிட்டால் போயிற்று, ஒரே நாளில் என்ன வந்துவிடும், ஆறு மாசம் ஓட்டாததா. இடது கண் பருந்து மாதிரி இருக்கிறது. மெதுவாகப் போகலாம், யாரையும் முந்த வேண்டாம். முந்தாவிட்டால் டைம் போகும், டைம் போனால் பின்னால் வருகிற வண்டிக்காரன் அம்பாசமுத்திரம் ஸ்டாண்டில் சட்டையைப் பிடிப்பான், முந்தித்தான் ஆக வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? அருணாசலம் அண்ணாச்சிக்கு ஆனது ஆகும். இருபத்தாறு வருஷம் ஓட்டினவர், கண் போய்விட்டது என்று தெரிந்ததும் முதலாளி பெரிய மனசு பண்ணிச் செட் கேட்டில் உட்காரவைத்தார். வருகிற போகிற வண்டி நம்பரை நோட்டில் குறிக்கிற வேலை. வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து நிற்பார், கை தானாகக் கியர் இருக்கிற இடத்துக்குப் போகும், அதைப் பார்க்கச் சகிக்காமல் நம்பிராஜன் அந்தக் கேட்டை வேகமாகவே தாண்டிவிடுவான். டிரைவர் என்று சொல்லித்தான் அவனுக்குப் பகவதியைக் கொடுத்தார்கள். டிரைவர் வீடு என்றுதான் தபால்காரனுக்கே தெரியும். ஸ்டியரிங்கை எடுத்துவிட்டால் இந்தக் கைகளை எங்கே வைப்பது என்றே அவனுக்குத் தெரியாது. பயமாக இருந்தது, சின்னப் பிள்ளைக்கு வருகிற பயம், அழுகிற அளவுக்கு.

"அண்ணாச்சி, எந்த லோகத்துல இருக்கிய? மணி பன்னெண்டாச்சு" என்று எட்வின் வந்து நின்றான். தோளில் தோல்பை, கையில் இரண்டு வாழைப்பழம், ஒன்றை அவனிடம் நீட்டினான். "வாங்கியாச்சா? இனிமேலாவது இலைக்கோழியை ஒழுங்கா எண்ணுவியளா?" நம்பிராஜன் பழத்தை வாங்கவில்லை. எட்டு நாற்பத்திரண்டை நீட்டினான். "எட்வினு, இதைப் பாரு. இடது கண்ணை மூடிக்கோ. வலது குழாயில மட்டும் பாரு. நம்ம வண்டியைப் பாரு." குரல் ஒருமாதிரி இருந்திருக்க வேண்டும், எட்வின் கேலி எதுவும் செய்யாமல் வாங்கினான். அவன் பார்க்கிற அந்த நேரத்தில் நம்பிராஜன் ஒன்றை வேண்டிக்கொண்டான். இவனுக்கும் புகையாகத் தெரியட்டும். அம்மா, இசக்கி, குழாய் கெட்டதாகவே இருக்கட்டும், நான் என் கண்ணால் கண்டதெல்லாம் பொய்யாகப் போகட்டும். "ஏ அப்பா!" என்றான் எட்வின். "கண்ணாடி மாதிரில்லா தெரியுது! வளையத்தை மட்டும் கொஞ்சம் திருக வேண்டியிருந்துச்சு. முன்சீட்ல ஒரு பொம்பள தன் பிள்ளைக்கு முறுக்கு ஒடிச்சிக் குடுக்கா. பிள்ளை காதுல கம்மல் கூடத் தெரியுது அண்ணாச்சி. சிவப்புக் கல்லு."

நம்பிராஜன் தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். நீல வண்டி. முன்சீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது, அவன் சீட்டுக்குப் பின்னாலேயே, அவன் முதுகை நம்பி. சட்டைப்பையில் கைவிட்டான். சாவியோடு சேர்ந்து சில்லறையும் வந்தது. சாவியை மட்டும் பிரித்து எட்வின் கையில் வைத்தான். "செட்டுக்கு ஃபோன் போடு. ஸ்பேர் டிரைவரா முருகையா இருப்பான், பைக்கில வந்தா பத்து நிமிஷம். வண்டியை அவன் எடுக்கட்டும்." எட்வின் சாவியைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். "ஒடம்புக்குச் சரியில்லையா அண்ணாச்சி? டைம் போயிருமே?" "போகட்டும்." "முதலாளி கேட்டா என்ன சொல்ல?" "எனக்கு வலது கண்ணு தெரியலைன்னு சொல்லு. நானே சாயங்காலம் போய்ச் சொல்லுவேன், அதுக்கு முந்தி கேட்டா நீ சொல்லு." வாய் அதைச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு தெரு அதே தெருவாகத்தான் இருந்தது, ஆட்டோக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். எட்வின் ஃபோனை எடுத்தான். அவனுக்கு வியாழக்கிழமை நினைவுக்கு வந்திருக்கும், முகத்தில் அது வந்து போனது. படியிறங்கப் போனவனை நம்பிராஜன் கூப்பிட்டான். "கல்லிடைக்குறிச்சி பக்கம் அந்தப் பச்சை மொபெட்டைப் பார்த்தா, வண்டியை நிறுத்திச் சொல்லணும், என்னா? கண்ணு தெரியாதது அவனுக்கில்ல, டிரைவருக்குத்தான்னு சொல்லு." எட்வின் திரும்பி வந்து, தலையாட்டி, இரண்டாவது வாழைப்பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

அசனார் பாய் அந்த அம்மாளை அனுப்பிவிட்டு எப்போதோ திரும்பியிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "நான் கண்ணாடிக்காரன்தான் அண்ணாச்சி, டாக்டர் இல்ல. கண்ணுப் பொரையா இருக்கும், வேற என்னவா வேணும்னாலும் இருக்கும். பொரைன்னா எடுத்துருவாங்க. நாளைக்கி வச்சிக்கிடாதீங்க, இன்னைக்கே பாருங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, அலமாரிப் பக்கம் ஒதுக்கிவைத்த அந்தக் கறுப்பு ஒற்றைக்குழலை இரண்டு விரலால் மெதுவாக முன்னுக்குத் தள்ளினார். நல்ல மனசோடுதான் தள்ளினார், அதனால்தான் நம்பிராஜனுக்குச் சுருக்கென்றது. விலை பாதிதான். இடக்கண்ணுக்கு அது போதும். குளமும் கொக்கும் அதிலும் தெரியும். அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான், திரும்ப வைத்தான். "எட்டு நாப்பத்திரெண்டையே கட்டுங்க பாய்." "பாத்துக்கிட்டு அப்புறமா கூட வாங்கலாமே அண்ணாச்சி, கடை எங்க போகப்போகுது." "இல்ல. ரெண்டு கண்ணுக்கும் உள்ளதையே குடுங்க." பணத்தை எண்ணி மேஜைமேல் வைத்தான்.

முருகையா வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பதினெட்டு. பாய் பெட்டியில் வைக்கப்போன பைனாகுலரை நம்பிராஜன் வாங்கி வாசலுக்கு வந்தான். வண்டி உறுமியது. கிளட்சை முருகையா சட்டென்று விடுகிறான், இரண்டாவது கியரில் அந்த வண்டிக்குக் கொஞ்சம் கெஞ்ச வேண்டும், யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பதினோரு வருஷத்தில் தன் வண்டி கிளம்பிப் போவதை நம்பிராஜன் வெளியே நின்று பார்த்ததேயில்லை, அது இவ்வளவு நீளம் என்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்டாண்டு வாசலில் திரும்ப இடமில்லாமல் ஆட்டோக்களுக்காக அது பக்கவாட்டில் நின்றது, ஜன்னல் ஜன்னலாக. இடக்கண்ணால் பார்த்தான். முறுக்குக் கடிக்கிற பிள்ளை, சிவப்புக் கம்மல், அதன் தலையைக் கோதுகிற கை, தூங்க ஆரம்பித்துவிட்ட ஒரு கிழவர், கூடையை மடியில் வைத்த ஒருத்தி, ஃபோனில் சிரிக்கிற ஒருவன். ஆளை எண்ணுவது கண்டக்டர் வேலை, அவன் ஒருநாளும் எண்ணியதில்லை. இன்று எண்ணினான், குளத்தில் எண்ணுவதுபோல, இடக் கோடியிலிருந்து வலக் கோடிவரைக்கும், ஒன்றும் விட்டுப்போகாமல். அந்தப் பக்கத்து ஜன்னல்களில் மட்டும் இருபத்து மூன்று. சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினான். இருபத்து மூன்றுதான். வண்டி திரும்பிப் பேட்டை ரோட்டில் மறைகிறவரை கையை இறக்கவில்லை.